ஒரு கைப்பிடி உலர் திராட்சையும் தினசரி சாம்பார் சோறும்

கேள்வி: எங்கள் ஜிம்மிக்கு ஐந்து வயது. ஸ்பிட்ஸ் இனம், எடை 8 கிலோ. போன ஞாயிற்றுக்கிழமை பாயசத்துக்கு எடுத்துவைத்த உலர் திராட்சைப் பொட்டலம் கீழே விழுந்து, நான் குனிந்து அள்ளுவதற்குள் ஒரு கைப்பிடி அளவு தின்றுவிட்டான். உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றச் சொன்னார்கள் பக்கத்து வீட்டில். பயமாக இருந்ததால் ஊற்றவில்லை. அன்று இரவு ஒருமுறை வாந்தி எடுத்தான். இன்றைக்கு நான்காம் நாள். சாப்பிடுகிறான், ஓடுகிறான். தண்ணீர் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கிற மாதிரி இருக்கிறது. தினமும் மதியம் என் அத்தை (மாமியார்) கையால்தான் அவனுக்குச் சாப்பாடு: சாம்பார் சோறு, இல்லாவிட்டால் ரசச் சோறு. உண்ணிக்கு நல்லது என்று பூண்டு தட்டிப் போடுவார்கள். நான் ஏதாவது சொன்னால், "நம்ம வீட்ல எத்தன நாய் வளந்திருக்கு, எல்லாம் இதத் தின்னுதான் வளந்துச்சு" என்கிறார்கள். நான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம்? – வாசகி, பாளையங்கோட்டை.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு வேலை. ஜிம்மியை இன்றே கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போய் ரத்தத்தில் கிரியாட்டினின், யூரியா (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள்) இரண்டையும் பார்த்துவிடுங்கள். சிறுநீரின் அடர்த்தியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான், அங்கேயே போகலாம். மீதிப் பதிலை வந்து படித்துக்கொள்ளலாம்.

இப்படி அவசரப்படுத்துவதற்குக் காரணம், நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி: தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறான். திராட்சை ஒத்துக்கொள்ளாத நாய் 24 மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கும். சிறுநீரகம் அடிபடுவது அதற்கு அடுத்து, ஒன்று முதல் மூன்று நாளுக்குள். வாந்தி நின்றதும் நாய் தேறிவிட்ட மாதிரி தெரியும். வாலாட்டும், தட்டைக் காலி செய்யும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் இயல்பைத் தாண்டி ஏறும். அதற்கு முன்பே, சிறுநீரைக் கெட்டியாக்கும் வேலையில் தடுமாற்றம் வந்துவிடும். சிறுநீர் வெறும் தண்ணீராகப் போகும். போனதை ஈடுகட்ட நாய் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் ரத்தம் மட்டும் போதாது, சிறுநீரையும் பார்க்க வேண்டும் என்கிறோம்.

சிறுநீர் பிடிப்பது பெரிய வித்தை இல்லை. காலையில் முதல் தடவை காலைத் தூக்கும்போது, கழுவித் துடைத்த நீளக் காம்புள்ள எவர்சில்வர் கரண்டியைப் பக்கவாட்டிலிருந்து நீட்டினால் போதும். முதலில் வரும் சில சொட்டுகளை விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள். இரண்டு தேக்கரண்டி இருந்தாலே பரிசோதனைக்கு ஆகும். மூடியுள்ள சுத்தமான டப்பாவில் ஊற்றி இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். அடர்த்தி 1.030க்கு மேல் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். 1.008க்கும் 1.012க்கும் நடுவில், அதுவும் இரண்டு மூன்று தடவை பார்த்தும் அப்படியே நின்றால், சிறுநீரகம் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். கிரியாட்டினின் ஜிம்மி அளவு நாய்க்கு 100 மில்லி ரத்தத்துக்கு 1.6 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

தண்ணீர் நிஜமாகவே அதிகம் குடிக்கிறானா என்பதையும் அளந்துவிடலாம். காலை 6 மணிக்கு ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி வையுங்கள். அன்று முழுவதும் அவன் கிண்ணத்துக்கு அந்தப் பாட்டிலிலிருந்து மட்டும் ஊற்றுங்கள். குளியலறை வாளி, செடித் தொட்டியின் அடித்தட்டு எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். மறுநாள் காலை 6 மணிக்குக் கிண்ணத்தில் மிஞ்சியதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றி, மொத்தத்தில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். 8 கிலோ நாய் சாதாரணமாக ஒரு நாளில் 400 முதல் 500 மில்லி குடிக்கும். 800ஐத் தாண்டினால் அதற்கு நோய்க் காரணம் ஏதோ இருக்கிறது. இந்த அளவெடுப்புக்காக ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும். கடிதம் எங்களுக்கு வந்து, பதில் உங்களுக்கு எட்டுவதற்குள் ஒரு வாரம் ஓடியிருக்கலாம். ஆனாலும் பரிசோதனை வீண் இல்லை. சிறுநீரகம் கொஞ்சம் அடிபட்டிருந்தால் இப்போது தெரிந்துகொண்டால்தான் உணவையும் மருந்தையும் அதற்கேற்ப மாற்ற முடியும்.

அடுத்து, திராட்சை ஏன் விஷம்? உங்களுக்குத் தெரிந்த யாராவது, "எங்க நாய் தட்டு நிறையத் திராட்சை தின்னுச்சு, ஒண்ணும் ஆகல" என்று சொல்லியிருப்பார்கள். அது பொய்யாக இருக்காது. ஒரு நாய் நிறையத் தின்றும் தப்பிக்கும். இன்னொரு நாய் கொஞ்சம் தின்று சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோகும். இருபது வருடத்துக்கு மேலாக மருத்துவர்களைக் குழப்பிய விஷயம் இது. 2021இல்தான் நம்பத்தக்க விளக்கம் ஒன்று கிடைத்தது. வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்குத் திராட்சை தின்ற நாய்க்கு வருகிற அதே சிறுநீரகக் கோளாறு வந்ததை அமெரிக்காவில் விலங்குகளுக்கான விஷ ஆலோசனை மைய மருத்துவர்கள் கவனித்தார்கள். அந்த மாவில் சேர்த்திருந்தது, கேக் வேலைக்குப் பயன்படும் கிரீம் ஆஃப் டார்டார் என்னும் பொடி. அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையிலும் டார்டாரிக் அமிலம் உண்டு. ரகம், மண், பழுத்த பதம் ஆகியவற்றைப் பொறுத்து அதன் அளவு பல மடங்கு மாறும். ஒரே எடைத் திராட்சை ஒரு நாயைச் சாய்த்து இன்னொன்றை விட்டுவிடுவது இதனால்தான் இருக்க வேண்டும்.

உலர் திராட்சையில் தண்ணீர் வற்றிப்போவதால் அமிலம் இன்னும் செறிந்திருக்கும். கிலோவுக்கு சுமார் 3 கிராம் உலர் திராட்சையிலேயே சிறுநீரகம் கெட்ட நாய்கள் பதிவாகியிருக்கின்றன. ஜிம்மியின் எடைக்கு அது 24 கிராம். ஒரு கைப்பிடி என்பது 25, 30 கிராம் வரும். 'இத்தனை திராட்சை வரை பரவாயில்லை' என்று சொல்ல ஒரு கணக்கும் கிடையாது. அடுத்த முறை ஒன்றிரண்டு உருண்டு விழுந்து தின்றுவிட்டாலும், அன்றே மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இதே அமிலம் நம் சமையலறையில் இன்னோர் இடத்தில் கொட்டிக் கிடக்கிறது: புளி. புளியங்காய்ச் சதையில் டார்டாரிக் அமிலம் 8 முதல் 18 சதவீதம் வரை இருக்கும். திராட்சையில் அது 2 சதவீதத்தைத் தாண்டுவதே அபூர்வம். புளி தின்ற நாய்களுக்கும் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு வந்தது 2022இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு, ஒரு கரண்டி சாம்பாரில் ஜிம்மிக்குச் சிறுநீரகம் போய்விடும் என்று பயந்துவிட வேண்டாம். எலுமிச்சை அளவு புளி கரைத்த சாம்பாரில் அவன் பங்குக்கு வருவது சொற்பம். ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது: புளியோதரைக்குக் காய்ச்சி வைத்த புளிக்காய்ச்சல், கரைத்துப் பிழிந்து கழுவுதொட்டி ஓரம் போட்ட சக்கை, மாசி பங்குனியில் கொட்டை எடுத்து முற்றத்தில் பாயில் காயவைக்கும் புளி. பாயில் காய்கிற புளியை நாய் தின்னாது என்று நினைப்பீர்கள். வெயிலில் இளகிய புளியில் இனிப்பும் உண்டு, தின்னும். உலர் திராட்சை போலவே புளியையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். ஜிம்மியின் பரிசோதனை முடிவு எப்படி வந்தாலும், இனி அவன் தட்டில் புளி வேண்டாம். ஒருமுறை அடிபட்டதோ என்று சந்தேகப்படும் சிறுநீரகத்துக்குத் தினமும் சொற்பமாகக்கூட இந்த அமிலத்தைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

சாம்பாரில் எங்களுக்குப் புளியைவிடப் பெரிய கவலை வெங்காயம். ஜிம்மி திராட்சை தின்றது ஒரு நாள். வெங்காயம் ஐந்து வருடமாகத் தினமும் போகிறது.

வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுவுக்குள் போய் ஹீமோகுளோபினைக் கெடுக்கின்றன. கெட்ட ஹீமோகுளோபின் திரண்டு, அணுவின் ஓரத்தில் பரு மாதிரி ஒட்டிக்கொள்ளும். இதை ஹெய்ன்ஸ் பாடி என்பார்கள். ரத்தத்தைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். அந்த அணு சீக்கிரம் உடையும், அல்லது மண்ணீரல் அதைப் பிடித்து அழித்துவிடும். வேகவைத்தாலும் வதக்கினாலும் இந்தச் சேர்மங்கள் போவதில்லை. சாம்பாரில் வெங்காயத்தை ஒதுக்கிவிட்டு வெறும் குழம்பை ஊற்றினாலும் குழம்பில் அவை இறங்கியிருக்கும். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், வெங்காயத்தாள், வடகம் எல்லாம் ஒரே குடும்பம். வடகம் போலக் காய்ந்ததிலும் பொடியிலும் இன்னும் செறிவு.

அளவைச் சொல்கிறோம். உடல் எடையில் 0.5 சதவீத வெங்காயம் ஒரே வேளையில் போனால் நாய்க்கு ரத்தம் பாதிக்கும். 8 கிலோ ஜிம்மிக்கு அது 40 கிராம். சின்ன வெங்காயம் ஒன்று 8 முதல் 10 கிராம் எடை இருக்கும். ஆக நாலைந்து வெங்காயம். பெரிய வெங்காயத்தில் பாதிகூட வேண்டாம். பதினைந்து இருபது சின்ன வெங்காயம் உரித்துப் போட்டு வெங்காயச் சாம்பார் வைக்கிற அன்று, இரண்டு கரண்டி தாராளமாக ஊற்றினால் அந்த எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறோம் என்று நீங்களே கணக்குப் போடலாம். மற்ற நாட்களில் எல்லைக்குக் கீழேதான் இருக்கும். ஆனால் ரத்த அணுக்கள் உடைவது தினமும் நடக்கும். எலும்பு மஜ்ஜை புது அணுக்களை உற்பத்தி செய்து ஈடுகொடுத்துக்கொண்டே வருவதால் வெளியே தெரியாது. நாய் கொஞ்சம் சோம்பலாக இருக்கும், மாடிப்படி ஏறி நின்று மூச்சு வாங்கும். 'வயசாகுது' என்று விட்டுவிடுவோம். ஐந்து வயது ஸ்பிட்ஸுக்கு அது வயசே இல்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஜிம்மியின் மேல் உதட்டைத் தூக்கி, கோரைப் பல்லுக்கு மேலே ஈறை விரலால் ஒரு விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய இளஞ்சிவப்புக்குத் திரும்ப வேண்டும். நேரம் எடுத்தாலோ, ஈறே சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தாலோ, மஞ்சள் தட்டியிருந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சில நாய்களுக்கு ஈறு கறுப்பாக இருக்கும். அப்போது கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள். ஒரேயடியாக நிறைய வெங்காயம் தின்றிருந்தால் அன்றைக்கு வாந்தி, வயிற்றுப்போக்குடன் முடிந்த மாதிரி இருந்துவிட்டு, இரண்டு முதல் ஐந்தாம் நாளுக்குள் சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் வரும். அந்த நிறத்தைப் பார்த்தால் ராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள். ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம். இப்போது ஜிம்மிக்கு ரத்தம் எடுக்கும்போதே முழு ரத்த எண்ணிக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். அதே ஊசிக் குத்தலில் வேலை முடிந்துவிடும்.

பூண்டை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் பூண்டு வெங்காயத்தைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு கடுமையானது. உண்ணியைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. உண்ணி கடித்து வரும் காய்ச்சலில், குறிப்பாக பேபீசியா என்னும் ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைப்பதால், நாய்க்கு ஏற்கெனவே ரத்தம் குறையும். அப்படிப்பட்ட நாய்க்கு உண்ணி மருந்தென்று பூண்டைக் கொடுப்பது, உடைந்துகொண்டிருக்கும் அணுக்களை இன்னும் உடைப்பதுதான். உண்ணிக்கு எடைக்கேற்ற மாத்திரையும் கழுத்தில் விடும் சொட்டு மருந்தும் இருக்கின்றன. மருத்துவரிடம் போகிற அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். அத்தையின் கவலை உண்ணியைப் பற்றியது. அந்தக் கவலை நியாயமானது. அதற்கு உருப்படியான பதில் கையில் இருந்தால் பூண்டு தானாக நின்றுவிடும்.

உப்புத் தண்ணீர் ஊற்றாமல் விட்டீர்களே, அது ஜிம்மிக்கு நீங்கள் செய்த பெரிய நல்லது. நாய்க்குக் கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் உப்பு உள்ளே போனாலே நஞ்சு, 4 கிராம் உயிருக்கே ஆபத்து. ஜிம்மிக்கு 16 கிராமில் நஞ்சு தொடங்குகிறது. ஒரு மேசைக்கரண்டி தூள் உப்பு 17, 18 கிராம் இருக்கும். வாந்தி வந்தால் பாதி வெளியே போகும். வராவிட்டால் அத்தனை உப்பும் ரத்தத்தில் ஏறி, மூளை அணுக்களிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும். நடுக்கம், வலிப்பு, நினைவிழப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். தின்ற பொருளால் சாகாத நாய் முறிவுக்குக் கொடுத்த உப்பால் செத்துப்போகலாம். பால், முட்டை வெள்ளைக்கரு, விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் இந்த விஷங்களை முறிக்காது. மல்லாக்கப் பிடித்து எண்ணெய் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரல் அழற்சியில் முடியும். ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுக்கலாம் என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். அவர்கள் சொல்வது 3 சதவீதக் கரைசல்; நம் மருந்துக்கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவீதம். அது இரைப்பையைப் புண்ணாக்கும். வாந்தி எடுக்க வைக்கும் வேலையை மருத்துவரின் ஊசிக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை இப்படி நடந்தால் செய்ய வேண்டியது இதுதான். மிச்சத்தை நாயின் வாயிலிருந்தும் தரையிலிருந்தும் எடுத்துவிடுங்கள். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தின் மேல் அச்சிட்ட எடையையும், மீதி இருப்பதைத் தராசில் வைத்து அதன் எடையையும் எழுதுங்கள். கழித்தால் தின்றது எவ்வளவு என்று வந்துவிடும். மருத்துவரைக் கூப்பிட்டு நாயின் எடை, தின்றது, அளவு, நேரம் இந்த நான்கையும் சொல்லுங்கள். உறையைக் கையோடு எடுத்துப்போங்கள். பெரும்பாலான பொருட்களுக்கு, தின்று இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க வைத்தால்தான் பலன். உலர் திராட்சை இரைப்பையில் ஊறிக்கொண்டு கிடப்பதால் நாலைந்து மணி நேரம் கழித்தும் முழுசாக வெளியே வந்துவிடும். பிறகு 48 மணி நேரம் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, 72 மணி நேரம்வரை தினமும் கிரியாட்டினின் பார்ப்பார்கள். ஜிம்மிக்கு அந்தச் சமயம் கடந்துவிட்டது. அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம், யாருக்கும் முன்கூட்டித் தெரிகிற விஷயம் இல்லை. நாய் தள்ளாடினாலோ, மயங்கிக் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ வாய் வழியாக ஒன்றும் கொடுக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது சைலிட்டால். சர்க்கரை இல்லாத சூயிங் கம், புதினா வில்லை, சில பற்பசைகள், சர்க்கரைநோயாளிகளுக்கான இனிப்புகள், சில சிரப்புகள் ஆகியவற்றில் சேர்க்கும் இனிப்பு இது. உறையில் சைலிட்டால் என்றோ ஐஎன்எஸ் 967 என்றோ போட்டிருக்கும். மனிதருக்குத் தீங்கில்லை. நாயின் கணையம் இதைச் சர்க்கரை என்று ஏமாந்து இன்சுலினைக் கொட்டிவிடும். அரை மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை பாதாளத்துக்குப் போகும். கிலோவுக்கு 0.1 கிராம் போதும். ஜிம்மிக்கு 0.8 கிராம், அதாவது ஒன்று முதல் மூன்று சூயிங் கம். கிலோவுக்கு 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலே செயலிழக்கக்கூடும். தள்ளாட ஆரம்பித்திருந்தால், வழியில் தேனையோ கெட்டியான சர்க்கரைத் தண்ணீரையோ விரலில் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே போங்கள். ஊற்றக் கூடாது, தடவ மட்டும்தான் வேண்டும். அத்தைக்குச் சர்க்கரை இருந்தால் அவர்கள் கைப்பையிலும் தலையணை ஓரத்திலும் என்ன வில்லை இருக்கிறது என்று ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

சாக்லேட்டைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். அது எந்தச் சாக்லேட் என்பதைப் பொறுத்தது. விஷம் அதிலுள்ள தியோபுரோமின், கூடவே கொஞ்சம் காபீன். கிலோவுக்கு 20 மில்லிகிராமில் அமைதியின்மையும் வாந்தியும் தொடங்கும், 40ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், 60இல் வலிப்பு வரும். கிராமுக்குப் பால் சாக்லேட்டில் சுமார் 2 மில்லிகிராம், கறுப்புச் சாக்லேட்டில் 5 அல்லது அதற்கு மேல், கோகோ பொடியில் 25க்கு மேல் இருக்கும். ஜிம்மி பத்து ரூபாய்ப் பால் சாக்லேட் ஒன்றைத் தின்றால் வயிறு சரியில்லாமல் போவதோடு முடிந்துவிடும். கேக் செய்ய வைத்த கோகோ பொடியில் ஒரு மேசைக்கரண்டி நக்கிவிட்டால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். டிகாக்ஷன் வடித்த காபித்தூள் சக்கையும் இதே கணக்குதான். செடிக்கு உரமாகப் போடுகிறீர்கள் என்றால் மண்ணுக்குள் புதைத்துப் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மிச்சத்தில் எலும்பு பெரிய ஆபத்து. வெந்த கோழி எலும்பு ஈர்க்கு மாதிரி கூராகப் பிளந்து குடலைக் குத்தும். ஆட்டெலும்பை மென்று விழுங்கினால் குடலில் சிமெண்டு மாதிரி இறுகி மலம் வராமல் முக்கிக்கொண்டு நிற்கும். பிரியாணியின் நெய்யும் கொழுப்பும் கணைய அழற்சியைக் கொண்டுவரும்: முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, வணங்குகிற மாதிரி நின்றால் வயிற்றுவலி என்று தெரிந்துகொள்ளுங்கள். மாங்கொட்டையும் மக்காச்சோளத் தக்கையும் விஷமில்லை, குடலை அடைத்துக்கொள்ளும். வெளியே எடுக்க அறுவைச் சிகிச்சை வேண்டிவரும். பூசணம் பிடித்த நிலக்கடலை, ரொட்டி, பழைய பண்டம் ஆகியவற்றை 'நாய்க்குப் போடலாம்' என்று ஒதுக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பூசண நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், சிலது வலிப்பையும் வரவைக்கும்.

இனி அத்தை சொன்னதற்கு வருவோம். அந்தக் காலத்து நாய்கள் வளர்ந்தன என்பது உண்மை. ஆனால் அவை பெரும்பாலும் ஜிம்மியைவிட எடை கூடிய நாட்டு நாய்கள். தெருவெல்லாம் சுற்றி வேறு எதையெல்லாமோ தின்னும். வீட்டுச் சோறு அதில் ஒரு பங்குதான். ஜிம்மி 8 கிலோ, வீட்டைத் தாண்டாதவன், உங்கள் தட்டுதான் அவனுக்கு எல்லாம். இளைத்து, வெளுத்து, ஏழெட்டு வயதில் இறந்த நாய்க்கு அன்று யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவும் இல்லை. நாட்டு நாயின் சிவப்பணுவும் இதே வெங்காயத்துக்கு இப்படித்தான் உடைகிறது. எடை கூடுதல் என்பதால் தாங்கும் அளவு கூடுகிறது, அவ்வளவுதான்.

அவர்கள் கையால் சோறு போடுவதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். ஐந்து வருடமாக மதியம் ஒரு உயிர் அவர்கள் காலடியில் வந்து நிற்கிறது. அதைப் பறித்தால் உங்களுக்குத் தெரியாமல் கொடுப்பார்கள், அப்போது என்ன கொடுத்தார்கள் என்பதே தெரியாமல் போய்விடும். வரிசையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். குக்கரில் பருப்பு வெந்து திறந்ததும், புளியும் உப்பும் வெங்காயமும் சேர்வதற்கு முன்னால், ஜிம்மிக்கென்று ஒரு சின்னக் கிண்ணத்தில் பருப்பு எடுத்து வைத்துவிட வேண்டும். பருப்போடு பூண்டு, வெங்காயம் போட்டு வேகவைக்கும் வழக்கம் இருந்தால் அவற்றைத் தாளிப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். மஞ்சள்தூள் இருக்கலாம். மதியக் கிண்ணத்துக்கு அளவு: வடித்த சோறு 100 கிராம், உப்பில்லாமல் வேகவைத்து எலும்பு நீக்கிய கோழிக்கறி 60 கிராம், வெந்த பூசணிக்காய் அல்லது கேரட் இரண்டு மேசைக்கரண்டி. வீட்டில் கறி சமைக்காவிட்டால் ஒரு வேகவைத்த முட்டையும், கரண்டியால் மசியும் பருப்பு மூன்று மேசைக்கரண்டியும். இது 250 கலோரி அளவுக்கு வரும். ஜிம்மியின் தேவையில் ஏறக்குறைய பாதி. மீதிப் பாதிக்குக் காலையும் மாலையும் முழுச்சத்து நாய் உணவு, உலர்ந்ததென்றால் மொத்தம் 70 கிராம். வீட்டுச் சோறு மட்டும் என்றால் சுண்ணாம்புச்சத்து குறைந்து எலும்பு வலுவிழக்கும், அதற்காகத்தான் இந்தப் பங்கீடு. கிரியாட்டினின் ஏறியிருந்தால் இந்த அளவு செல்லாது. புரதத்தையும் பாஸ்பரஸையும் மருத்துவர் சொல்கிறபடி குறைக்க வேண்டியிருக்கும். கிண்ணத்தை மாற்றுவதையும் ஒரே நாளில் செய்யாமல், ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். புளிப்பும் காரமும் பழகிய நாக்கு முதல் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கோழி வெந்த தண்ணீரை (உப்பு சேர்க்காதது) இரண்டு கரண்டி சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் சாப்பிட்டுவிடுவான்.

சும்மா கேட்டு வந்து நிற்கும்போது கொடுக்க வாழைப்பழத்தில் இரண்டு துண்டு, பப்பாளி, விதை எடுத்த தர்ப்பூசணி, வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஆறின இட்லியில் கால் பாகம் கொடுக்கலாம். எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 50 கலோரிக்கு மேல் வேண்டாம். பாதி வாழைப்பழம் அந்தக் கணக்குக்கு வந்துவிடும். உப்பு குறைவான தயிர்சாதம் ஒரு கை, தாளிக்காதது, அவ்வப்போது பரவாயில்லை.

ரத்த அறிக்கை வந்ததும் கிரியாட்டினின், யூரியா, சிறுநீர் அடர்த்தி, ஹீமோகுளோபின் இந்த நான்கு எண்களையும் எங்களுக்கு எழுதுங்கள். 24 மணி நேரத் தண்ணீர்க் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். எல்லாம் சரியாக வந்தாலும் ஒரு மாதம் கழித்து ரத்த எண்ணிக்கையை மட்டும் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் நின்ற பிறகு ஹீமோகுளோபின் ஏறியிருந்தால், இத்தனை நாள் அவன் ரத்தம் எவ்வளவு இழந்துகொண்டிருந்தான் என்பது அந்த இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். அத்தையிடமும் அதையே காட்டலாம்.